கக்கூஸுக்குப் போகும் பாதை: பதுளை மாவட்டப் பிரதேச சபைகளின் பெண் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார், தங்கச்சிமார் எல்லோருக்கும்,

வெலிமடை, ஊவா பரணகமை, ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்லை, ஹாலிஎல, பசறை, லுணுகலை என்று நம் மாவட்டத்துப் பிரதேச சபைகளில் 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு உறுப்பினர்களாக அமர்ந்திருக்கும் பெண்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். கட்சி பார்த்து எழுதவில்லை. உங்களில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதும் தெரியும். வாசிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குச் சிங்களத்தில் சொல்லிவிடுங்கள். எந்தப் பெண்ணுக்கும் சட்டென்று விளங்கிவிடும் விஷயம்தான்.

தோட்டத்து லயங்களில் ஒரு பெண் பொழுதுபட்ட பின் கக்கூஸுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வருவது இன்றைக்கும் பெரும் பாடாக இருக்கிறது. அந்தப் பாட்டைக் குறைக்கும் அதிகாரம் 2018 வரை உங்கள் சபைகளுக்கு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. அதைக் கையில் எடுங்கள் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல். நான் லயத்தில் பிறந்தவள். வெலிமடைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகளும் அதே பாதையில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பணிய லயத்துப் பிள்ளை ஒருத்தி, ஓ.எல். எழுதப் போகிறவள். கக்கூஸ் வரிசை லயத்துக்குப் பின்னால், சரிவின் அடியில் இருக்கிறது. படிகள் பாதி கல்லில் கட்டியவை, பாதி மண்ணில் வெட்டியவை. மழை பெய்தால் மண்படி வழுக்கும். கக்கூஸுக்குள் பைப் கிடையாது. அதனால் பீலியில் பிடித்து வைத்த தண்ணீரை வாளியில் எடுத்துக்கொள்கிறாள். தகரக் கதவுக்குக் கொண்டி கிடையாது. ஒரு துளை போட்டுக் கட்டுக்கம்பியைக் கோத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் அந்தக் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கையில் வாளி, மறு கையில் கம்பி. ஆகவே வெளிச்சத்துக்காக எரியவிட்ட போனைப் பல்லில் கவ்விக்கொள்கிறாள். வெளியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டால் குரல் கொடுக்க அவளுக்கு வாய்கூட இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் "எங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்தது" என்று நினைப்பீர்கள். தோட்டத்தில் இன்னும் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முன்பெல்லாம் துணை என்று ஒன்று இருந்தது. ராத்திரியில் பிள்ளைக்கு அவசரம் வந்தால் அம்மாவை எழுப்புவாள். அம்மா அடுத்த காம்பராவின் சுவரில் தட்டி அத்தையையும் கூட்டிக்கொள்வாள். மூன்று பேராக இறங்கிப் போய் வருவார்கள். இப்போது எத்தனை காம்பராவில் அம்மா இருக்கிறாள்? ஒருத்தி குவைத்தில், ஒருத்தி சவூதியில், ஒருத்தி கொழும்பில் யாருடைய வீட்டிலோ சமைத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டிக்கு மூட்டு வலி, படி இறங்க முடியாது. அப்பா குடித்திருக்கலாம், அல்லது இரவு வேலைக்குப் போயிருக்கலாம். அந்தப் பிள்ளை யாரை எழுப்புவாள்? அவள் எழுப்புவதில்லை. விடியும்வரை அடக்கிக்கொள்கிறாள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பதையும் நிறுத்திவிடுகிறாள்.

தண்ணீர் குடிக்காமலும் நீரை அடக்கியும் பழகிய உடம்புக்கு என்ன வரும் என்று எந்த மருத்துவமாதிடம் கேட்டாலும் சொல்வார்: நீர்க்கடுப்பு, காய்ச்சல், மலச்சிக்கல். கர்ப்பிணிக்கு நீர்ப்பாதையில் தொற்று வந்தால் அது சிறுநீரகம்வரை போகும், குறைமாதப் பிரசவத்துக்கும் இடம் கொடுக்கும். தோட்டத்துத் தாய்மாரின் இரத்தசோகையையும் எடை குறைந்த குழந்தைகளையும் பற்றிப் பல காலமாகப் பேசுகிறோம். சத்துமா கொடுக்கிறோம், விற்றமின் கொடுக்கிறோம். தாகமெடுத்தும் தண்ணீர் குடிக்கப் பயப்படும் ஒரு தாயைப் பற்றி யாரும் எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை.

மாதவிடாய் நாட்களைப் பற்றியும் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன், உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அப்பாவும் அண்ணனும் மாமாவும் இருக்கும்போது துணி மாற்ற மறைவிடம் அந்தக் கக்கூஸ் ஒன்றுதான். தண்ணீர் இல்லாத கக்கூஸில் எப்படி மாற்றுவது? துவைத்த துணியை வெயிலில் காயப்போடக் கூச்சம். பாவாடைக்கு அடியில் போட்டு உலர்த்துகிறார்கள்; ஈரம் முழுதும் போகாமலே மறுபடி எடுத்துக் கட்டுகிறார்கள். கடையில் வாங்கும் நாப்கினுக்கு 2018 வரை இந்த நாடு போட்டிருந்த இறக்குமதி வரிகள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 101.2 வீதம். பொருளின் விலையைவிட வரி அதிகம். பிறகு குறைத்தார்கள். 2024இல் பின்தங்கிய பாடசாலைகளின் மாணவிகளுக்கு 1,200 ரூபாய் பெறுமதியான வவுச்சர் கொடுத்தார்கள்; அது நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். நாப்கின் கைக்கு வந்த பிறகு அதை எங்கே மாற்றுவது, எங்கே போடுவது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. கக்கூஸ் குழிக்குள் போட்டால் குழி அடைக்கும். கானில் போட்டால் நாய் இழுத்துவரும். அடுப்பில் போட வீட்டில் எல்லோரும் தூங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

லயத்தில் இப்படியென்றால் மலையில் இன்னும் மோசம். காலையில் பிரட்டுக்குப் போய்விட்டுக் கொழுந்தெடுக்க ஏறினால் மாலைவரை மலையில்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கக்கூஸ் இருக்கும் தோட்டங்கள் உண்டு, இல்லாதவை நிறைய. இறங்கி லயத்துக்குப் போய் வந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஆகவே தேயிலைச் செடிக்கு மறைவில் ஒதுங்குகிறார்கள். படங்கை அவிழ்த்து, அட்டையும் குளவியும் இருக்கும் இடத்தில், கங்காணி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டு. 1984வரை இதே பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த நாட்சம்பளம்தான் கொடுத்தார்கள். அந்த ஆண்டில் சம்பளம் சமமாயிற்று. வேலைத்தலத்தில் ஒரு கக்கூஸ் என்ற சமம் இன்னும் வரவில்லை. பச்சைத் தவளை முத்திரையோடு வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் தேயிலை இருக்கிறதே, அந்த ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரையின் விதிகளிலேயே தொழிலாளருக்குச் சுத்தமான, போதுமான கழிப்பறையும் கைகழுவ வசதியும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முத்திரை வாங்கிய தோட்டம் உங்கள் சபை எல்லைக்குள் இருந்தால் துரையிடம் போய் அந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் அம்மா காலத்தில் ஆற்றோரமும் கானும்தான். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோது தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியமும் அமைத்தார்கள். தோட்டத்தில் எல்லோரும் "ட்ரஸ்ட்" என்று சொல்வது அதைத்தான். அது கக்கூஸ் கட்டிக்கொடுத்திருக்கிறது, தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறது. உலக வங்கிக் கடனில் 2015இல் தொடங்கிய நீர்வழங்கல், சுகாதாரத் திட்டத்தில் பதுளையும் சேர்ந்திருந்த ஏழு மாவட்டங்களில் வேலை நடந்தது. தொண்டு நிறுவனங்களும் தட்டும் சீமெந்தும் கொடுத்து, குழியை வீட்டார் தோண்டச் சொல்லி, வீட்டுக்கு ஒன்றாகக் கட்டவைத்திருக்கின்றன.

அப்படிக் கட்டியதில் விடுபட்டது யார் என்று பாருங்கள். தோட்டத்தின் கணக்கு செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பேர் உள்ள குடும்பத்தோடு நின்றுவிடுகிறது. செக்ரோலில் இல்லாமல் அதே லயத்தில் வாழ்பவர்கள் இன்று மிகப் பலர்: ஓய்வுபெற்றவர்கள், விதவைகள், கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பையன்களின் மனைவிமார், போரலந்தைப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் கெப்பெட்டிப்பொலைப் பக்கம் காய்கறித் தோட்டத்துக்கும் நாட்கூலிக்குப் போகும் பெண்கள். ஒரு காம்பராவைப் பலகையால் பிரித்து இரண்டு குடும்பம் இருக்கும். கணக்கில் ஒரு குடும்பம், ஒரு கக்கூஸ். 2021 கடைசியில் ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபொகாடா இலங்கைக்கு வந்துபோன பிறகு, ஒரு சிறு காம்பராவை ஐந்து முதல் பத்துப் பேர்வரை பகிர்ந்துகொள்கிறார்கள் என்று எழுதினார். அவர் எழுதித்தான் நமக்குத் தெரியவேண்டும் என்பதில்லை.

கட்டிய கக்கூஸும் நிற்பதில்லை. நம் மலைச்சரிவில் இரண்டு முழம் தோண்டினால் கல் வந்துவிடும். ஆழமில்லாத குழி சீக்கிரம் நிறையும். மாரிக்கு மேலிருந்து தண்ணீர் இறங்கினால் பொங்கிக் கானில் ஓடும். பணிய லயத்தார் சண்டைக்கு வருவார்கள். அப்புறம் அந்த வீட்டார் கக்கூஸைப் பூட்டிவிட்டுப் பழைய பொதுவரிசைக்கே போவார்கள். ஏட்டில் அது எப்போதும் கட்டிமுடித்த கக்கூஸ்தான்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் மூன்றையும் உங்கள் சபையின் பொறுப்பில் வைத்தது. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் தோட்டக் குடியிருப்புக்குச் சபையின் பணத்தைச் செலவு செய்ய முடியாது என்று கைவிரித்துக்கொண்டிருந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிபோன சனம் நாங்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் அது திரும்பக் கிடைத்தது. வாக்குரிமை வந்தது, பிரதேச சபைக்கும் வாக்களித்தோம். வாக்குப் பெட்டிக்கு நாங்கள் சபையின் எல்லைக்குள்; தெருவிளக்குக்கு எல்லைக்கு வெளியே. நாங்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினரே "சட்டத்தில் இடமில்லை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார், அவர் சொன்னது அன்றைக்கு உண்மையும்கூட. மலையக மக்கள் பல ஆண்டு கேட்டுக் கேட்டு, 2018இல் பாராளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை பணம் செலவு செய்யலாம் என்று ஆயிற்று.

உங்களில் பலரைச் சபைக்குக் கொண்டுவந்த நான்கிலொரு பங்கு ஒதுக்கீடும் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது அதே 2018இல், பெப்ரவரித் தேர்தலில். அதற்கு முன் நாடு முழுக்க உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இரண்டு பெண்கள்கூடத் தேறவில்லை. தோட்டத்துக்குச் செலவு செய்யும் உரிமையும் பெண்கள் உட்காரும் நாற்காலியும் ஒரே வருடத்தில் வந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அந்த ஓ.எல். பிள்ளையின் பாதைக்கு வெளிச்சம் வரும்.

வெளிச்சம் என்று சொல்வதும் அந்தப் பாதையில் விழும் வெளிச்சத்தைத்தான். தெருவிளக்கு போடுவதும் பராமரிப்பதும் சபையின் அன்றாட வேலை. வெலிமடை டவுனிலிருந்து பிரதான வீதியில் வரும் விளக்கு வரிசை தோட்டத்து வளைவோடு நின்றுவிடுகிறது. மின்கம்பம் லயம்வரை போயிருக்கிறது, விளக்கு மட்டும் போகவில்லை. அடுத்த வருடப் பாதீட்டில் தெருவிளக்குக்கென்று ஒதுக்கும் தொகையில் லயத்திலிருந்து கக்கூஸுக்கும் பீலிக்கும் போகும் பாதைகளுக்கு ஒரு பங்கை முதலிலேயே பிரித்து எழுதச் சொல்லுங்கள். வீதி என்றால் வாகனம் ஓடும் வீதி மட்டும்தான் என்று செயலாளர் சொன்னால், சனம் தினமும் நடக்கும் பாதையும் பாதைதான் என்று கேட்டு எழுதவைக்க வேண்டியவர்கள் நீங்கள்.

வெளிச்சத்தையும் தூரத்தையும் நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால், அதற்கு அளந்து பார்த்த கணக்கும் உண்டு. தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரத்துக்கு வெளியே கயலிட்ஷா என்ற பெரிய குடிசைப் பகுதி. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே பெண்கள் வீட்டிலிருந்து கக்கூஸுக்கு நடக்கும் நேரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டு 2015இல் வெளியிட்டார்கள். அங்கிருந்த ஏறத்தாழ 5,600 கக்கூஸை 11,300 ஆக்கினால், கக்கூஸுக்குப் போகும் வழியில் நடக்கும் பாலியல் தாக்குதல்கள் சுமார் 30 வீதம் குறையும் என்பது அவர்கள் கண்ட முடிவு. கட்டும் செலவையும் குற்றத்தால் சமூகத்துக்கு வரும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கட்டுவதே மலிவு என்றும் வந்தது. அவர்கள் அளந்தது நடக்கும் நேரம். ஒரு பெண் எத்தனை நிமிடம் தனியாக நடக்கிறாள் என்பதுதான் ஆபத்தின் அளவு. நம் லயங்களில் யாராவது அதை அளந்திருக்கிறார்களா? நீங்கள் அளக்கலாம். பெரிய படிப்புத் தேவையில்லை, கையில் ஒரு மணிக்கூடு போதும்.

அடுத்தது தண்ணீர். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவது யூலை தொடங்கிச் செப்டெம்பர்வரை மலையைக் கடந்து வரும் வறண்ட காற்று. அந்தக் காற்றில் கொழுந்து சற்றே வாடும்போதுதான் உலகம் விலை கொடுத்து வாங்கும் அந்த மணம் ஏறுகிறது என்பார்கள். அதே மாதங்களில்தான் எங்கள் பீலி நூலாக மெலிகிறது. தோட்டத்துக்கு நல்ல விலை வரும் காலம், லயத்துப் பெண்ணுக்குக் கக்கூஸ் வாளிக்குத் தண்ணீர் இல்லாத காலம். அந்த மூன்று மாதம் சபையின் தண்ணீர் பவுசர் எந்த லயத்துக்கு எந்தக் கிழமை வரும் என்று ஒரு பட்டியல் போட்டுப் பிரட்டுக் களத்தில் ஒட்டுவது பெரிய காரியமா? நிரந்தர வழி கக்கூஸ் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு தாங்கி, அதற்கு ஊற்றிலிருந்து ஒரு குழாய். ஊற்றுகளையும் காப்பாற்ற வேண்டும். உமா ஓயாச் சுரங்கத்தில் 2014 கடைசியில் நீர் பீறிட்டபின் பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றியதையும் 2017இல் சனம் வீதிக்கு இறங்கியதையும் நீங்கள் பார்த்தவர்கள். நிலத்தடி நீர் போனால் முதலில் நெடுந்தூரம் நடப்பது யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

குழி நிறையும் பிரச்சினைக்கும் சபையிடம் வழி உண்டு. மலக்கழிவு உறிஞ்சும் பவுசர் டவுனில் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கட்டணத்துக்குப் போகிறது. லயத்துக்கு வருவதில்லை. பாதை ஒடுக்கம் என்பார்கள். பாதி இடங்களில் அது உண்மை. நீளமான குழாயும் சிறிய வண்டியும் வாங்கலாம். பாதை கிடைக்கும் லயங்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை என்று முறை வைக்கலாம். புதிதாகக் கட்டுவதை இரட்டைக் குழியாகக் கட்டி, ஒன்று நிறைந்தால் மற்றதுக்கு மாற்றிவிடலாம். இதைச் சொல்லித்தர உங்கள் பிரதேசத்திலேயே பி.எச்.ஐ. இருக்கிறார். அவரை லயத்துக்குக் கூட்டிவர ஒரு உறுப்பினர் வேண்டும்.

கட்டுவது யார், திறப்பு யார் கையில் என்பதிலும் எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது. வெளியூர் ஒப்பந்தக்காரர் வந்து கட்டினால் கதவு உள்பக்கம் திறக்கும், ஆணி துருப்பிடிக்கும், ஜன்னல் ஆள் உயரத்தில் இருக்கும். 1980களில் கொழும்பு நகரத்துச் சேரிகளில் தேசிய வீடமைப்பு அதிகாரசபை சமூக ஒப்பந்தம் என்று ஒரு முறை கொண்டுவந்தது. அங்கே வாழும் சனமே சங்கமாகி ஒப்பந்தம் எடுத்துக் கிணறு, கான், கழிப்பறை கட்டினார்கள். கூலியும் லாபமும் அந்தச் சங்கத்துக்கே போயிற்று. தமிழ்நாட்டில் திருச்சியின் குடிசைப் பகுதிகளில் கிராமாலயா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு பெண்கள் குழுக்கள் மாநகராட்சிப் பொதுக் கழிப்பறைகளைப் பொறுப்பேற்று நடத்தினார்கள். ஆளுக்கு ஐம்பது பைசா வாங்கி, கணக்கு எழுதி, துப்புரவுக்கு ஆள் வைத்து, மிச்சப் பணத்தில் பழுது பார்த்தார்கள். நம் லயங்களில் சீட்டுப் பிடிக்காத பெண் உண்டா? மாதர் சங்கம் இல்லாத தோட்டம் உண்டா? ஒரு வரிசை கக்கூஸையும் ஒரு தாங்கியையும் அவர்களால் கட்டி நடத்த முடியாதா? ஒப்பந்தத்தை அவர்கள் பேருக்குக் கொடுக்கச் சொல்லிப் பிரேரணை கொண்டுவாருங்கள். கட்டணம் மட்டும் வேண்டாம் என்பது என் எண்ணம். நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டில் ஆறு பெண்கள் இருந்தால் ஐம்பது சதமும் சுமைதான்.

உங்களுக்குச் சபையில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "நிலம் கம்பனியுடையது, துரை சம்மதிக்க மாட்டார்" என்பார்கள். நிலம் அரசாங்கத்தினுடையது, கம்பனி வைத்திருப்பது குத்தகை. சம்மதக் கடிதம் தேவைப்பட்டால் தவிசாளர் எழுத்தில் கேட்கட்டும், துரை மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும். நான் கண்டவரையில், கக்கூஸ் பாதைக்கு விளக்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடத் துணியும் துரை குறைவு. "கக்கூஸ் கட்டுவது கம்பனியின் பொறுப்பு" என்றும் சொல்வார்கள். கம்பனிக்கும் பொறுப்பு உண்டுதான். இரண்டு பேரும் மற்றவரைக் காட்டிக்கொண்டு நின்ற இடைவெளியில்தான் நாங்கள் இத்தனை காலம் நின்றோம்.

"பணம் இல்லை" என்பது பாதி உண்மை, நம் சபைகள் ஏழைச் சபைகள். ஒரே வருடத்தில் எல்லா லயத்துக்கும் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எந்த லயத்தில் பாதை நீளமோ, எந்தக் கக்கூஸில் கதவு இல்லையோ, எங்கே வயசுப் பிள்ளைகள் அதிகமோ அங்கே தொடங்குங்கள்.

பயத்தைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். ஏதாவது நடந்துவிட்டால் லயத்தில் முதல் கேள்வி "அந்த நேரத்தில் நீ ஏன் வெளியே போனாய்" என்பது. கக்கூஸுக்குப் போக நேரம் காலம் வைத்த உடம்பு யாருக்கு இருக்கிறது? பின்னால் வந்து விசிலடிப்பதும், டார்ச்சைக் கக்கூஸ் ஓட்டைக்குள் அடிப்பதும், போனில் படமெடுப்பதும் பகிடி இல்லை. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். மகளிர் உதவிக்கு 1938, பொலிஸுக்கு 119 என்று அவசர இலக்கங்கள் இருக்கின்றன. அந்த இலக்கங்களைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கக்கூஸ் வரிசையிலும் பிள்ளைக் காம்பராவிலும் ஒட்டுங்கள். பொலிஸ் நிலையத்தில் தமிழ் பேசும் பெண் அதிகாரி இல்லையென்றால் அதையும் சபையில் எழுப்புங்கள். தனக்கு நடந்ததை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தெரியாத பாஷையில் தெரியாத ஆணிடம் எப்படிச் சொல்வாள்?

அனர்த்தம் வரும்போதும் இதே கதைதான் பெரிய அளவில் வருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில் இருந்தார்கள், பிறகு பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தடுப்பு வைத்து நெடுநாள் வாழ்ந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது நம் மாவட்டம் மறுபடி மண்ணுக்குள் போயிற்று, மறுபடி பாடசாலையும் கோயிலும் முகாமாயின. பகலில் பிள்ளைகள் படிப்பதற்கென்று கட்டிய சில கக்கூஸ்களை ஒரு லயத்துச் சனமே ராத்திரியும் பகலும் பயன்படுத்த வேண்டிவரும். முகாமாகப் போகும் பாடசாலைகள் எவை என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். பெண்களுக்குத் தனி வரிசை, உள்கொண்டி, விளக்கு, தண்ணீர்த் தாங்கி, மூடியோடு ஒரு குப்பைவாளி, இவற்றை வெயில் காலத்திலேயே பார்த்துவைப்பது சபைக்கு முடியாத காரியமில்லை.

கேட்பதைக் கேட்டுவிட்டேன். உங்கள் சபைகள் அடுத்த வருடத்துப் பாதீட்டை ஆண்டின் கடைசி மாதங்களில் எடுக்கும். அதற்கு முன் உங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துக்காவது வாருங்கள். பகலில் வேண்டாம். பகலில் வந்தால் மாலை போட்டுத் தேத்தண்ணி கொடுத்துக் கக்கூஸைக் கழுவிக் காட்டுவோம். இரவு ஏழரைக்குப் பிறகு வாருங்கள், தவிசாளரையும் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். லயத்து வாசலிலிருந்து கக்கூஸ்வரை எங்கள் பிள்ளைகளோடு நடங்கள், மணிக்கூட்டைப் பார்த்து நிமிடத்தை எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை கதவுக்குக் கொண்டி இல்லை, எத்தனை இடத்தில் தண்ணீர் இல்லை, எத்தனை விளக்கு வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளையே பிரேரணையோடு இணைத்துச் சபையில் வாசியுங்கள். வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் மாதர் சங்கத்தார் சந்தியில் வந்து நிற்பார்கள். சிங்களத்தில் பேச வேண்டியவர்களுக்கு மொழிபெயர்க்க நான் வருகிறேன். தோட்டத்துப் பாதையில் இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கம்பும் தருகிறோம். நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை,
வெலிமடை.